பூட்டு போடாத முடிச்சு

பார்சல் கடைக்காரம்மாவின் மகளுக்கு எழுத்து வருவதற்கு முன்பே முடிச்சு வந்துவிட்டது. பென்சிலைக் கொடுத்தால் தலைகீழாகப் பிடிப்பாள். சணல் கயிற்றைக் கொடுத்தால் பெரிய ஆளாகிவிடுவாள். பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் கீழே கடை, மேலே வீடு. அப்பா எடை போட்டு முகவரி ஒட்டுவார். அண்ணன் வேனில் ஏற்றிக்கொண்டு போவான். கட்டுவது அம்மாவின் இலாகா. அதில் மகளைத் தவிர வேறு யாரும் மூக்கை நுழைக்க முடியாது.

கட்டுவது என்றால் கடமைக்குச் சுற்றி முடிவது இல்லை. பெட்டியின் மேல் கயிறும் கயிறும் குறுக்கே சந்திக்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு சின்னச் சுருக்கு வைத்து இறுக்க வேண்டும். அதற்குக் கடையில் பூட்டு என்று பெயர். பூட்டு விழுந்த பார்சலில் கயிறு எங்கே அறுந்தாலும் அந்த ஒரு இடம்தான் தொய்யும், மற்றதெல்லாம் அசையாது. புது வாடிக்கையாளர் யாராவது “கயிறு மெல்லிசா இருக்கே” என்று இழுத்தால் போதும், அம்மா கத்திரிக்கோலை எடுத்து அவர் கண்ணெதிரிலேயே ஓர் இடத்தில் வெட்டிவிட்டு, பெட்டியைத் தலைகீழாகத் தூக்கி உலுக்குவாள்.

“பாத்தீங்களா? ஒரு இடத்துல அறுந்ததும் மொத்தமும் பிரிஞ்சா அது பார்சல் இல்லீங்க, ஸ்கூல் பையன் ஷூ லேஸ்.”

வந்தவர் பணம் கட்டிவிட்டுப் போவார்.

மகள் கட்டி முடிக்கும் ஒவ்வொரு பார்சலுக்கும் அம்மா தலையை நிமிர்த்தாமலே கேட்பாள்: “போட்டாச்சா?” மகளும் தலையை நிமிர்த்தாமலே சொல்வாள்: “போட்டாச்சு.” பூட்டைத்தான் சொல்கிறார்கள். நாளெல்லாம் கடையில் இந்தக் கேள்வியும் பதிலும்தான் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு மதியம் அவள் அட்டைக் குவியல் மேல் தூங்கிக்கொண்டிருந்தபோது அண்ணன் அவள் காதருகே குனிந்து அம்மாவின் குரலில் “போட்டாச்சா?” என்றான். கண்ணைத் திறக்காமல் “போட்டாச்சு” என்றாள். அன்றிலிருந்து வீட்டுக்கு விருந்தாளி யார் வந்தாலும் அண்ணன் இந்தக் கதையைச் சொல்லாமல் அனுப்பமாட்டான்.

பொறியியல் கல்லூரியில் அவள் சுமாரான மாணவி. பாஸ் ஆவாள், பெயர் வாங்கமாட்டாள். இரண்டாம் வருடத்தில் ஒருநாள் பணிமனைக்குப் போகும் வழியில் ஒரு ஆய்வகத்தின் வாசலில் சிலர் ஒரு மரப்பெட்டியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தாள். கட்டியிருந்த கயிற்றைப் பிளேடால் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குப் பொறுக்கவில்லை.

“ஐயோ, நல்ல கயிறு! தள்ளுங்க.”

முடிச்சை ஒரு விரலால் நெம்பி, மொத்தக் கயிற்றையும் அறுக்காமல் உருவி, கையில் சுற்றிச் சுருளாக்கி அவர்களிடமே நீட்டினாள். அந்தக் கும்பலின் தலைவியாக இருந்த கடைசி வருடத்து அக்கா கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கல்லூரியே அந்த அக்காவைக் கேப்டன் என்றுதான் கூப்பிடும்.

“எங்க கத்துக்கிட்ட?”

“எங்க வீட்டுல பார்சல் கடைக்கா.”

அன்று முதல் அவள் பெயர் பார்சல். அம்மா அப்பா வைத்த பெயரை வருகைப் பதிவு எடுக்கும்போது மட்டும்தான் கேட்க முடிந்தது.

அந்த ஆய்வகத்தில் மாணவர்களே ஒரு செயற்கைக்கோள் செய்துகொண்டிருந்தார்கள். பெயரைக் கேட்டு மிரண்டுபோகத் தேவையில்லை. இரண்டு உள்ளங்கையில் அடங்கிவிடும் சதுரப் பெட்டி அது. பெரிய செயற்கைக்கோளை ஏற்றிப் போகும் ராக்கெட்டில் மிச்சமிருக்கும் மூலையில் இதற்கும் ஒரு இடம் கிடைத்திருந்தது. ஆவணங்களில் அதற்கு நீளமான பெயர். ஆய்வகத்தில் அது டப்பா. அவள் முதலில் டீ வாங்கி வந்தாள், பிறகு ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பிறகு ஸ்க்ரூ முடுக்கினாள். கடைசியில் அவள் கைக்கென்றே ஒரு வேலை வந்தது. ஆன்டெனாவைக் கட்டுகிற வேலை.

டப்பாவின் ஆன்டெனா, தச்சர்கள் சட்டைப் பையில் வைத்திருக்கும் இரும்பு அளவு டேப்பை வெட்டிச் செய்தது. சென்டிமீட்டர் கோடுகள்கூட அப்படியே இருந்தன. டேப்பை மடக்கினால் மடங்கும், விட்டால் விறைத்துக்கொண்டு நிமிரும். அதை டப்பாவின் உடம்போடு மடக்கி, தூண்டில் நரம்பு மாதிரியான மெல்லிய நைலான் நூலால் கட்டிவிட வேண்டும். நூலுக்குக் கீழே ஒரு சூட்டுக் கம்பி. விண்வெளிக்குப் போனதும் கம்பி சுடும், நூல் உருகி அறும், டேப்புகள் நாலாபக்கமும் விரியும், டப்பா பேச ஆரம்பிக்கும். விரியாவிட்டால் அதற்கு வாயே இல்லை. உள்ளே எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருந்தாலும் பூமியில் ஒருவருக்கும் ஒரு சத்தமும் கேட்காது.

முதல் சோதனைக்கு எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். வழிகாட்டியான பேராசிரியை, அதாவது மேடம், கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். வானொலிப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் அவள் வகுப்புப் பையன், ரேடியோ என்று பேர் வாங்கினவன், பட்டனை அழுத்தினான். கம்பி சிவந்தது. லேசாகப் புகை வந்தது. நூல் அறுந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

ஆன்டெனா விரியவில்லை.

“அறுந்துடுச்சே!” என்றான் ரேடியோ. “அப்புறம் ஏன் உம்முனு உக்காந்திருக்கு?”

கேப்டன் கம்பியைப் பார்த்தாள், மின்சாரத்தைப் பார்த்தாள், கீலைப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. பார்சல் மட்டும் குனிந்து நூலைப் பார்த்தாள். பார்த்தவள் முகத்தில் ஈயாடவில்லை. நூலும் நூலும் சந்திக்கிற இடங்களில் அழகான, சின்னஞ்சிறு சுருக்குகள். அம்மா பார்த்திருந்தால் தட்டிக்கொடுத்திருப்பாள்.

“அக்கா… நான் பூட்டு போட்டுட்டேன்.”

“என்னது?”

“ஒரு இடத்துல அறுந்தாலும் பிரியாது. நாங்க அப்படித்தான் கட்டுவோம்.”

கேப்டன் குனிந்து சுருக்குகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். பிறகு ரேடியோ சிரிக்க ஆரம்பித்தான். கேப்டனுக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஏய் பார்சல், இதை நாம அவிழ்றதுக்காகத்தான் கட்டுறோம். புரியுதா? அவிழ்றதுக்காக!”

சாயந்திரம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா கேட்டாள்.

“என்னடி மூஞ்சி தொங்குது?”

“ஆன்டெனா தெறக்கலம்மா.”

“ஏனாம்?”

“நான் நல்லா கட்டிட்டேனாம்.”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். “நல்லா கட்டினதுக்கா திட்டினாங்க? அது என்ன காலேஜ்டி?”

“அவிழ்றதுக்காகக் கட்டணுமாம்மா.”

“அவிழணும்னா எதுக்குக் கட்டணும்? சும்மா விட வேண்டியதுதானே.”

“ராக்கெட்டுல குலுங்கும் இல்ல? மேல போற வரைக்கும் அசையக் கூடாது. போனதும் ஒரே அறுப்புல மொத்தமும் அவிழணும்.”

“ஓ, எலக்‌ஷன் வாக்குறுதி மாதிரி” என்றான் அண்ணன்.

அம்மா அவனை முறைத்தாள். “ஒரே அறுப்புல மொத்தமும் அவிழணுமாம். என் பொண்ணை வச்சு இந்த வேலையா பண்றாங்க?”

அதுவரை தட்டைவிட்டுக் கண்ணெடுக்காமல் இருந்த அப்பா, தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார். “பண்ணும்மா, பண்ணு. நம்ம கடைப் பேர மட்டும் அதுமேல எழுதிடாத.”

அடுத்த சோதனைக்குக் கேப்டனே கட்டிப் பார்த்தாள். பூட்டு இல்லாத, புத்தகத்தில் இருக்கிற முடிச்சு. குலுக்கும் மேசையில் வைத்து ராக்கெட்டைப் போல உலுக்கியதும், சூட்டுக் கம்பிக்கு வேலையே வைக்காமல் நூல் நழுவி, டேப் படாரென்று விரிந்து ரேடியோவின் மூக்கைத் தட்டியது. வேறு வழியில்லை. பார்சலின் இறுக்கமும் வேண்டும், பார்சலின் பூட்டும் வேண்டாம்.

சொல்வது சுலபம். அவள் கை அவள் பேச்சைக் கேட்டால்தானே! சாக்பீஸ் டப்பாவில் கட்டிப் பழகினாள், பஸ்ஸில் டிபன் டப்பாவில் கட்டிப் பழகினாள். யோசித்துக் கட்டினால் பூட்டு விழாது. யாராவது பேச்சுக்கொடுத்தால் விரல் தானாக ஒரு வளையம் வளைத்து இழுத்துவிடும். ரேடியோ வேண்டுமென்றே பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவான்.

“இப்ப பாரு. போட்டியா இல்லியா?”

“போட்டுட்டேன்டா, சே!”

“உனக்குக் கை இல்ல பார்சல், உங்கம்மாவோட பிராஞ்ச் ஆபீஸ்.”

பள்ளிகள் திறக்கும் பருவம் வேறு. கடையில் சீருடைத் துணியும் நோட்டும் மலைபோல் குவிந்தன. காலையில் ஆய்வகத்தில் பூட்டு போடாமல் கட்ட வேண்டும், சாயந்திரம் கடையில் பூட்டு போட்டுக் கட்ட வேண்டும். இரண்டு வீட்டுக்கு வாக்கப்பட்ட மாதிரி கை திண்டாடியது. ஆனாலும் போகப்போக ஆய்வகத்தில் ஆன்டெனா விரியத் தொடங்கியது. ஒவ்வொரு தடவை விரியும்போதும் அந்த டேப்பின் சத்தம் அவளுக்கு யாரோ விரலைச் சொடுக்கினதுபோல் இருக்கும்.

கடைசிக் கட்டு கட்டுகிற நாள் வந்தது. கண்ணாடித் தடுப்புக்குள் வெள்ளை அங்கி, தொப்பி, கையுறையோடு அவளும் கேப்டனும். இடுக்கியால் நூலைப் பிடித்து, சூட்டுக் கம்பிக்குப் பக்கத்தில் இருந்த குழிக்குள் குறுக்காக விட்டு இழுத்தாள். வெளியே ரேடியோ கண்ணாடியில் மூக்கை அப்பிக்கொண்டு, தலையில் தொப்பியைக் கோணலாக மாட்டி, அம்மன் சிலைபோல் விறைத்து நிற்கும் கேப்டனை நடித்துக்காட்டிக்கொண்டிருந்தான். அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. தடுப்புக்கு வெளியே, ரேடியோவுக்குப் பின்னாலிருந்து மேடம் கேட்டார்:

“போட்டாச்சா?”

“போட்டாச்சு மேடம்” என்றாள்.

கேப்டன் குழியின் விளிம்பில் தெரிந்த முடிச்சின் மேல் ஒரு சொட்டுப் பசை வைத்தாள். குழியின் மேல் மூடியை வைத்து முடுக்கினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். அன்று சாயந்திரம் அவள் கடைக்கு வந்து, காற்றில் மிதக்கிற மாதிரி, வரிசையாகப் பார்சல்களைக் கட்டித் தள்ளினாள்.

மறுநாள் காலை மேடம் டப்பாவைப் பஞ்சு வைத்த பெட்டியில் எடுத்துக்கொண்டு ராக்கெட் தளத்துக்குக் கிளம்பிப் போனார். இரண்டு நாள் கழித்து இவள் கடையில் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். அம்மா வழக்கம்போல் “போட்டாச்சா?” என்றாள். இவளும் வழக்கம்போல் “போட்டாச்சு” என்றாள். சொன்ன பிறகுதான் கவனித்தாள். அவள் இன்னும் முதல் சுற்றே சுற்றி முடிக்கவில்லை.

கயிற்றைக் கீழே போட்டாள். அன்று ஆய்வகத்தில் மேடம் எதைக் கேட்டார்? முடிச்சைத்தான் கேட்டிருப்பார். அவள் எதைச் சொன்னாள்? வாய் சொன்னதை நம்ப முடியாது, அது தூக்கத்திலேயே சொல்லும். கை என்ன செய்தது? அந்த நேரத்தில் கண் ரேடியோவின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கேப்டனிடம் ஓடினாள். கட்டும்போது கேப்டன் எடுத்த படங்களையெல்லாம் பெரிதாக்கிப் பார்த்தார்கள். எல்லாப் படத்திலும் தெளிவாகத் தெரிந்தது பார்சலின் கட்டைவிரல் மட்டும்தான். கேப்டன் மேடத்துக்குப் போன் போட்டாள். டப்பாவை அங்கே உள்ளவர்கள் சரிபார்த்து, ராக்கெட்டிலிருந்து அதைத் தள்ளிவிடும் கூண்டில் வைத்து மூடிவிட்டார்களாம். இனி யாருக்காகவும் திறக்கமாட்டார்கள்.

“போட்டிருக்க மாட்டே. அவ்வளவு பழகினியே” என்றாள் கேப்டன். அவள் குரலிலேயே சுரத்து இல்லை. மூன்று வருடமாக விடுமுறையில்லாமல் அதைச் செய்தவள். பார்சலைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அடுத்த சில நாட்கள் அவள் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள். அண்ணன் அவன் பாணியில் ஆறுதல் சொன்னான்: “வீட்டைப் பூட்டினோமான்னு பாதி வழியில சந்தேகம் வர்ற மாதிரிதான். எப்பவும் பூட்டித்தான் இருக்கும்.”

“பூட்டியிருக்கக் கூடாதுன்னுதானே அண்ணா நான் அழறேன்!”

அண்ணன் வேன் சாவியை எடுத்துக்கொண்டு மெல்ல நழுவினான்.

இப்படி இருக்கையில் ஒரு மத்தியானம் பட்டன் மொத்த வியாபாரி ஒருவர் கடை வாசலில் வந்து நின்றார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கையிலிருந்த நசுங்கிய அட்டைப் பெட்டியை எடை மேடையில் தொப்பென்று போட்டார்.

“உங்களை நம்பித்தானேம்மா அனுப்புறேன்? இறக்கும்போது ஒரு ஆணியில மாட்டிக் கயிறு அறுந்துச்சாம். பஸ் ஸ்டாண்டு பூராவும் பட்டன்! குனிஞ்சு பொறுக்கிப் பொறுக்கி என் ஆளுக்கு இடுப்பே போச்சு!”

“எங்க பார்சலா? இருக்கவே இருக்காது.” அம்மா பெட்டியைத் திருப்பினாள். கடையின் ஒட்டுச்சீட்டு பல்லிளித்தது. தொங்கிய கயிற்றை எடுத்து விரலால் தடவினாள். முடிச்சு கச்சிதமாக இருந்தது. அப்பாவின் கை இல்லை, அது கோணும். அண்ணனின் கை இல்லை, அது புடலங்காய் மாதிரி தொங்கும். ஆனால் ஓர் இடத்திலும் பூட்டு இல்லை. அம்மாவின் முகம் சிவந்தது. மெதுவாக மகள் பக்கம் திரும்பினாள்.

“ஏன்டி, இது நீ கட்டினதுதானே?”

மகள் ஒட்டுச்சீட்டின் தேதியைப் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். டப்பாவைக் கட்டி முடித்த அன்று சாயந்திரம்!

“சார்,” அவள் பட்டன்காரரிடம் பாய்ந்து வந்தாள், “ஒரு இடத்துலதான் அறுந்துச்சா?”

“ஒரே இடந்தான்மா! அதுக்கே—”

“மொத்தமும் பிரிஞ்சிடுச்சா? எங்கயும் மாட்டாம? ஒரே இழுப்புல?”

“ஒரே இழுப்புல! அப்படியே கழண்டு விழுந்துச்சாம்!”

“நல்லா பிரிஞ்சுதா சார்? சத்தியமா?”

பட்டன்காரர் ஒரு அடி பின்வாங்கினார். அவள் குதித்தாள். பெட்டியைத் தூக்கிச் சுற்றினாள். உள்ளே மிச்சமிருந்த பட்டன்கள் தரையெல்லாம் ஓடின. அன்றைக்கு அவள் கை மறந்தேபோயிருக்கிறது! கடையிலேயே, அம்மா எதிரிலேயே, “போட்டாச்சு” என்று வாய் சொல்லச் சொல்ல, கை போடவில்லை! அம்மா எதிரில் போடாத கை ஆய்வகத்திலா போட்டிருக்கும்?

“என்னம்மா ஆச்சு உங்க பொண்ணுக்கு?” என்றார் பட்டன்காரர் ரகசியமாக.

“காலேஜுல படிக்கிறா” என்றாள் அம்மா, அதுவே பதில் என்பதுபோல். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவரை உட்காரவைத்து, டீ சொல்லி, பட்டனையெல்லாம் பொறுக்கிப் புதுப் பெட்டியில் போட்டுத் தானே கட்டிக்கொடுத்தாள். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பூட்டு. அந்தப் பெட்டியைத் திறக்க அவர் பாவம் எவ்வளவு பாடுபட்டாரோ.

கேப்டன் கதையைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இருந்தாலும் பட்டன் பெட்டி வேற, டப்பா வேற” என்றாள். அது பார்சலுக்கும் தெரியும். தெரிந்தாலும் அன்று நன்றாகச் சாப்பிட்டாள்.

ராக்கெட் கிளம்பியதை ஆய்வகத்தின் திரையில் பார்த்தார்கள். டப்பா கூண்டிலிருந்து தள்ளப்பட்டது என்ற செய்தியும் வந்தது. அது முதல் தடவை இவர்கள் ஊருக்கு மேலே கடந்துபோகும்போது மொட்டை மாடி அறையில் மூச்சுவிட இடம் இல்லாமல் கூட்டம். ரேடியோ மாடி ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒலிபெருக்கியில் ஸ்ஸ்ஸ் என்ற இரைச்சல் மட்டும். டப்பா தொடுவானத்தின் ஓரமாகவே போய் மறைந்தது.

“ரொம்பத் தாழ்வாப் போச்சு. கட்டடமெல்லாம் மறைக்குது. அடுத்த சுத்துல தலைக்கு நேரா வரும்” என்றான் ரேடியோ. ஒருவரும் பார்சலைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க எல்லோரும் மெனக்கெட்டார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தது. அவள் சுவர் ஓரமாக நின்று கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டாள், அதுகள் மேலும் எதையாவது செய்துவிடும் என்பதுபோல்.

அடுத்த சுற்று வந்தது. இரைச்சல். இரைச்சல். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரைச்சலுக்குள் ஏதோ கொசு பாடுவதுபோல் இருந்தது. ரேடியோ ஒரு திருகைத் திருகினான்.

டிட். டிட் டிட். டா.

“டப்பா பேசுது!” என்று கத்தினான் ரேடியோ. “பார்சல், உன் டப்பா பேசுதுடி!”

கேப்டன் யாரையோ கட்டிப்பிடிக்கப் போய் நாற்காலியோடு விழுந்தாள். எழுந்து வந்து பார்சலின் இரண்டு கையையும் பிடித்து, கட்டைவிரலை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். “இந்த விரலை எத்தனை படத்துல பாத்திருக்கேன்!” என்றாள். குரல் உடைந்தது, உடனே அதை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

இந்தக் கூச்சலுக்கு நடுவில் பார்சலின் போன் அடித்தது. அம்மா. பின்னால் எடை மேடையின் சத்தமும், யாரோ முகவரி சொல்வதும் கேட்டன.

“என்னடி, பிரிஞ்சுதா?”

தன் வாழ்நாளில் எந்தக் கட்டும் பிரிய வேண்டும் என்று அம்மா நினைத்தவள் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்க அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று மகளுக்குத் தெரியும்.

“பிரிஞ்சிடுச்சும்மா. மொத்தமும். ஒரே அறுப்புல.”

“ம்.” கத்திரிக்கோலைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு போனை மூடாமலே கடைக்குள் திரும்பிக் கத்தினாள்: “என்னங்க, பிரிஞ்சிடுச்சாம்!” மறுபடி போனில், குரலைத் தாழ்த்தி: “சந்தோஷம். ஆனா இங்க வந்து மறுபடி இப்படிக் கட்டினே, தொலைச்சுடுவேன்.”

படிப்பு முடிந்து அவள் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். பாட்டில் மூடி செய்கிற பிரிவு. வழியில் கசியக் கூடாது, நோயாளி திருகினால் உடனே திறக்க வேண்டும். நேர்காணலில் இந்த வேலைக்கு என்ன அனுபவம் என்று கேட்டார்களாம். “இரண்டு பக்கமும் அனுபவம் இருக்கு சார்” என்றாளாம்.

விடுமுறை நாட்களில் இன்றும் கடையில் உட்கார்ந்து கட்டுகிறாள். அம்மா தலையை நிமிர்த்தாமல் “போட்டாச்சா?” என்பாள். மகள் சட்டென்று பதில் சொல்வதில்லை. கட்டைவிரலை நகர்த்திவிட்டு, குனிந்து, கயிறும் கயிறும் சந்திக்கிற இடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் “போட்டாச்சு” என்பாள்.

“முன்னெல்லாம் எவ்வளவு வேகமா சொல்லுவா” என்று அம்மா வாடிக்கையாளர்களிடம் குறைப்பட்டுக்கொள்வாள். “இந்தக் காலேஜுக்குப் போனதுலேர்ந்து பொண்ணு மந்தமாயிட்டா.”